கம்போவின் ரூ ஏன் கசக்கிறது, எண்ணெய் ஏன் பிரிகிறது? கேஜன், கிரியோல் சமையல் வீட்டு அடுப்பில்

கேள்வி இதுதான்: அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் குழம்பான கம்போவை வீட்டில் இரண்டு முறை செய்திருக்கிறீர்கள். முதல் முறை ரூவில் (எண்ணெயில் வறுத்த மாவில்) கரும்புள்ளி விழுந்து பாத்திரம் முழுக்கக் கசந்துபோனது. இரண்டாம் முறை பயந்து இளம்பழுப்பிலேயே நிறுத்தினீர்கள். குழம்பு கூழாகி, மேலே எண்ணெய் மிதந்து, போதாக்குறைக்கு வெண்டைக்காய் வழவழத்தது. கடையில் வாங்கிய கேஜன் மசாலாவை இன்னும் இரண்டு கரண்டி போட்டும் ருசி ஏறவில்லை. கேஜனுக்கும் கிரியோலுக்கும் என்ன வேறுபாடு, வீட்டில் செய்யக்கூடிய சாஸ்கள் எவை என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மசாலாப் பொட்டலத்தை முதலில் ஓரமாக வையுங்கள். லூசியானா சமையலில் ருசி பிறப்பது மாவு எண்ணெயில் வறுபடும்போதும், அதில் வெங்காயம் வதங்கும்போதும்தான். அந்த முதல் ஒரு மணி நேரத்தில் விட்டதைக் கடைசியில் தூவும் எந்தத் தூளும் மீட்டுத் தராது. பாகு பதம் பார்க்கத் தெரிந்தவருக்கு ரூ வசப்படும், ஏனென்றால் இதுவும் பதம் பார்க்கும் வேலைதான். கடிகாரத்தை நம்பினால் ஏமாற்றும். கண், மூக்கு, கரண்டியின் கனம் ஆகிய மூன்றும் ஏமாற்றாது.

கேஜன், கிரியோல் வேறுபாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்தக் குழம்பில் எது சேரும் என்பது அதிலிருந்தே விளங்கும். லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸ் 1718இல் பிரெஞ்சுக்காரர்கள் நிறுவிய துறைமுக நகரம். பிறகு சில பத்தாண்டுகள் ஸ்பெயினின் கையில் இருந்தது; 1803இல் அமெரிக்கா விலைக்கு வாங்கியது. அந்நகரத்து அடுப்படிகள் பெரிதும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கையிலும் அவர்கள் சந்ததியினர் கையிலும் இருந்தன. பிரெஞ்சு முறை, ஸ்பானியத் தக்காளி, ஆப்பிரிக்க வெண்டைக்காய், கரீபியக் காரம், பூர்வகுடியினரின் இலைத்தூள் எல்லாம் சேர்ந்தது கிரியோல் சமையல். துறைமுகம் என்பதால் வெண்ணெய், தக்காளி, வெளிநாட்டுச் சரக்கு எதற்கும் பஞ்சமில்லை. கேஜன்கள் வேறு மக்கள். இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாவும் அதை ஒட்டிய பகுதிகளும் சேர்ந்த அகேடியாவிலிருந்து 1755 தொடங்கி ஆங்கிலேயர் விரட்டியடித்த பிரெஞ்சு மொழிக்காரர்கள். 1760களில் தெற்கு லூசியானாவுக்கு வந்து சதுப்பு நிலங்களிலும் புல்வெளிகளிலும் குடியேறினார்கள். ‘அகேடியன்’ என்ற பெயர் வாயில் தேய்ந்து ‘கேஜன்’ ஆனது. அவர்கள் சமையல் ஒற்றை இரும்புப் பாத்திரம், பன்றிக் கொழுப்பு, வேட்டைக் கறி, ஆற்று நண்டு (இறால் போன்ற கிராஃபிஷ்), நீண்ட நேரக் கொதி. ஆகவே தக்காளி போட்டுச் சிவந்திருந்தால் பெரும்பாலும் கிரியோல், ரூவின் நிறத்தால் பழுப்பேறி இருந்தால் பெரும்பாலும் கேஜன் என்று கொள்ளலாம். இரண்டும் இருநூறு ஆண்டுகளாக ஒன்றோடொன்று கலந்தவை என்பதால் கறாரான கோடு கிடையாது. இரண்டிலும் எரிக்கும் காரம் கட்டாயம் கிடையாது என்பதையும் மனதில் வையுங்கள். நல்ல கம்போவில் மிளகாய் கடைசியில் தொண்டையில் மெல்லத் தெரியும், அவ்வளவுதான்.

இனி ரூ. பிரெஞ்சுச் சமையலில் இது வெண்ணெயும் மைதாவும் சேர்ந்த, சாஸைக் கெட்டியாக்கும், பெரும்பாலும் வெளிர் நிறக் கலவை. லூசியானாவில் அதையே எண்ணெயில் கறுப்புச் சாக்லேட் நிறம் வரை கொண்டுபோகிறார்கள். ஏன் எண்ணெய்? வெண்ணெயில் உள்ள பால் திடப்பொருள் 150 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் கருகத் தொடங்கும். கரும் ரூவுக்கு அதைவிட அதிகச் சூடு வேண்டும். கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் இரண்டும் பொருந்தும். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் தங்கள் வாசனையால் இந்தக் குழம்பை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடும்.

எட்டுப் பேருக்கான கம்போவுக்கு மைதா 125 கிராம் (ஒரு கப்), எண்ணெய் 180 மில்லி (முக்கால் கப்). பல குறிப்புகள் கப்புக்குக் கப் சம அளவு என்று சொல்லும். வறுக்க அது எளிது; ஆனால் எடையில் பார்த்தால் எண்ணெய் மாவைப் போல ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு ஆகிவிடும். அந்த மிச்ச எண்ணெய் மாவோடு ஒட்டாமல் கடைசியில் மேலே வந்து நிற்கும். உங்கள் பாத்திரத்தில் மிதந்ததில் ஒரு பங்கு இதுதான்.

பாத்திரம் அடிகனமாக, அகலமாக இருக்க வேண்டும். பழகிய இரும்புச் சட்டி அல்லது எனாமல் பூசிய வார்ப்பிரும்புப் பாத்திரம் சிறந்தது. மெல்லிய அலுமினியப் பாத்திரத்தில் நடுவில் ஒரு வட்டம் மட்டும் அதிகம் சூடேறி, அங்கே மாவு கருகும். முதல் முறை விழுந்த கரும்புள்ளிகளுக்கு இதுவே முதல் சந்தேகம். இரண்டாவது, கரண்டி. குழிக்கரண்டியால் கிளறினால் அடிக்கும் பக்கத்துக்கும் நடுவே இருக்கும் மூலையில் மாவு தங்கும். முனை தட்டையான மரத்துடுப்பை எடுத்து அடியை முழுக்க வழித்துக்கொண்டே இருங்கள். கிளறுவதைவிட வழிப்பது என்பதே சரியான சொல்.

எண்ணெயை மிதமான தீயில் சூடாக்கி, ஒரு சிட்டிகை மாவு போட்டால் மெல்லப் பொரியும் நிலையில் மாவை மூன்று தவணையாகத் தூவிக் கலக்குங்கள். முதலில் ஈர மணல் போல இருக்கும். ஐந்து நிமிடத்தில் பச்சை மாவு வாசம் போகும். பத்தாவது நிமிடம் வாக்கில் வறுத்த வேர்க்கடலை வாசம் வந்து, நிறம் வேர்க்கடலை வெண்ணெய் போல ஆகும். இதுவரை சற்றுத் தாராளமாக இருக்கலாம். இதற்குப் பிறகு கையை எடுக்காதீர்கள். அடுத்து புதுச் செப்புக்காசின் நிறம். அப்போது கலவை சட்டென்று இளகும், துடுப்பு லேசாகிவிடும். மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகள் சூட்டில் உடைவதால் வரும் இளக்கம் இது. பிறகு பால் சாக்லேட், அதன் பின் கறுப்புச் சாக்லேட். இந்தக் கட்டத்தில் வாசனை காப்பிக்கொட்டை வறுப்பதை ஒத்திருக்கும், மெல்லிய புகை எழும். மிதமான தீயில் எல்லாம் சேர்ந்து முப்பதிலிருந்து நாற்பத்தைந்து நிமிடம் ஆகும்.

கருகியதை எப்படி அறிவது? கறுப்புச் சாக்லேட் ரூ பளபளவென்று ஒரே நிறமாக இருக்கும். அதில் மிளகுத்தூள் தூவியது போலப் புள்ளி தெரிந்தாலோ, காப்பி வாசம் மாறிக் கண்ணைக் கரிக்கும் நெடி வந்தாலோ கதை முடிந்தது. வடிகட்டியும் தேறாது, சர்க்கரை போட்டும் தேறாது. மாவும் எண்ணெயும்தானே போகிறது என்று கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். அதற்குள் கோழியையும் காய்கறியையும் சேர்த்துவிட்டால் அவையும் சேர்ந்து வீணாகும். இந்தக் காரணத்தாலேயே வெங்காயம் போடும் முன் நின்று ஒருமுறை முகர்ந்து பாருங்கள். தெறித்தால் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும் பொருள் இது. குழந்தைகள் அடுப்படியில் வேண்டாம், வேகமாகச் சுழற்றவும் வேண்டாம்.

நின்றுகொண்டே கிளற முடியாதவர்களுக்கு அடுப்புக்குள் வைக்கும் வழி உண்டு. ஓவனை 175 டிகிரிக்குச் சூடாக்கி, அதே அளவு மாவையும் எண்ணெயையும் வார்ப்பிரும்புப் பாத்திரத்தில் கலந்து, மூடாமல் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வையுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வழித்துக் கலக்கினால் போதும். சூடு எல்லாப் பக்கமும் சமமாக வருவதால் கருகுவது அபூர்வம். ரூவுக்குப் புதியவர்கள் இதில் தொடங்குவது நல்லது. பால் ப்ரூடோம் என்ற புகழ்பெற்ற லூசியானா சமையல்காரர் இதற்கு நேர் எதிர்வழி: எண்ணெயைப் புகையவிட்டு, மாவைப் போட்டு, கம்பித் துடைப்பத்தால் அடித்துச் சில நிமிடங்களில் கரும் ரூவை எடுத்துவிடுவார். கை பழகாமல் அதை முயலாதீர்கள்.

விரும்பும் நிறத்துக்கு ஒரு படி முன்பே வெங்காயத்தைப் போட வேண்டும் என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். அடுப்பை அணைத்தாலும் கனமான பாத்திரத்தின் சூட்டில் ரூ தொடர்ந்து கறுக்கும். வெங்காயத்தின் ஈரம் விழுந்ததும்தான் அந்த ஓட்டம் நிற்கும். ஆகவே காய்களை நறுக்கி, அடுப்புக்குப் பக்கத்தில் தட்டில் தயாராக வைத்த பிறகே மாவைத் தொடுங்கள். ரூ செப்பு நிறத்தில் இருக்கும்போது செலரி நறுக்கப் போனவர் திரும்பி வந்து கரியைத்தான் பார்ப்பார்.

வெங்காயம், செலரி, பச்சைக் குடைமிளகாய் மூன்றையும் லூசியானாவில் ‘புனித மும்மை’ என்கிறார்கள். நம் தாளிப்பு போல எல்லாவற்றுக்கும் அடித்தளம் அது. எடையில் வெங்காயம் இரண்டு பங்கு, மற்றவை ஒவ்வொரு பங்கு: 300 கிராம் வெங்காயம், 150 கிராம் செலரி, 150 கிராம் குடைமிளகாய். பொடியாக நறுக்குங்கள். வெங்காயத்தை முதலில் தனியாகப் போடுங்கள். சீறிக்கொண்டு பொங்கும், ரூ இன்னொரு படி கறுத்து மினுங்கும். மூன்று நிமிடம் கழித்து மற்ற இரண்டையும் போட்டு எட்டு முதல் பத்து நிமிடம் வதக்குங்கள். கடைசி ஒரு நிமிடத்தில் எட்டுப் பல் பூண்டு. பூண்டு முன்கூட்டியே விழுந்தால் அதுவும் கசக்கும். செலரி கிடைக்கவில்லை என்றால் அதன் தண்டுக்கு ஈடு கிடையாது. கொத்தமல்லித் தண்டு போட்டால் அது வேறு உணவாகிவிடும். பேசாமல் வெங்காயத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

கோழி, சாசேஜ் கம்போவின் மீதிச் சரக்கு: எலும்போடு கோழித் தொடை 1.2 கிலோ, புகையூட்டிய சாசேஜ் 400 கிராம், கோழி ஸ்டாக் (கோழி எலும்பை வேகவைத்து வடித்த சாறு) 2.25 லிட்டர், பே இலை மூன்று, உலர்ந்த தைம் மூலிகை ஒரு தேக்கரண்டி, கயென் மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி. பே இலை என்று எழுதியிருப்பதை நம் பிரிஞ்சி இலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது வேறு மரம். பட்டை வாசனை அடிக்கும், கம்போ பிரியாணிப் பக்கம் சாய்ந்துவிடும். லூசியானாவின் ஆன்டூயி சாசேஜ் கிடைக்காத இடத்தில் எந்தப் புகையூட்டிய பன்றி சாசேஜும் ஆகும். புகை வாசமே இல்லாத சாசேஜ்தான் கிடைத்தது என்றால் புகையூட்டிய பாப்பிரிகாத்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி கைகொடுக்கும்.

ரூவைத் தொடும் முன்பே கோழியையும் சாசேஜையும் அதே பாத்திரத்தில் தனித்தனியாகச் சிவக்க வறுத்து எடுத்து வையுங்கள். அடியில் ஒட்டிய பழுப்பு கருகாமல் இருந்தால் அப்படியே விடலாம், அது பின்னால் குழம்பில் கரையும். கறுத்திருந்தால் பாத்திரத்தைக் கழுவுங்கள். அதுவும் கரும்புள்ளியாக ரூவில் சேரும்.

காய் வதங்கியதும் ஸ்டாக்கை ஊற்றும் இடத்தில் பலருக்கு எண்ணெய் பிரிகிறது. குளிர்ந்த ஸ்டாக்கை மொத்தமாகக் கொட்டினால் மாவுத் துகள்கள் நீரை வாங்கி விரிவதற்குள் எண்ணெய் தனியே ஓடிவிடும். ஸ்டாக்கை வேறொரு அடுப்பில் சூடாக வைத்து, முதல் அரை லிட்டரை ஒவ்வொரு கரண்டியாக ஊற்றி, ஒவ்வொன்றும் களி போல ஒன்றாகக் கூடிய பிறகு அடுத்ததை ஊற்றுங்கள். பிறகு மீதியைத் தாராளமாக ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். மாவுச்சத்து கெட்டிப்படுவது கொதிநிலையை நெருங்கும்போதுதான். கொதிக்காத குழம்பு பிரிந்துதான் கிடக்கும். ஒருவேளை பிரிந்துவிட்டால் தீயைக் கூட்டி, கம்பித் துடைப்பத்தால் இரண்டு நிமிடம் நன்றாக அடித்தால் பெரும்பாலும் கூடிவிடும். ஒரு மணி நேரம் கொதித்த பிறகு மேலே படியும் எண்ணெய் வேறு. அது சாசேஜும் கோழித்தோலும் விட்ட கொழுப்பு. பாத்திரத்தின் ஒரு பக்கம் மட்டும் தீ படும்படி தள்ளி வைத்தால் எண்ணெய் மறுபக்கம் ஒதுங்கும், கரண்டியால் எடுத்துவிடலாம்.

கொதி வந்ததும் கோழி, சாசேஜ், இலை, தூள்கள் எல்லாம் போட்டு, தீயைக் குறைத்து, அரைகுறையாக மூடி ஒன்றரை மணி நேரம் விடுங்கள். நாற்பத்தைந்து நிமிடத்தில் கோழி வெந்திருக்கும். எடுத்து, எலும்பிலிருந்து கறியைப் பிய்த்து, கடைசி பதினைந்து நிமிடத்துக்குத் திரும்பப் போடுங்கள். விட்டால் நாராகப் பிரிந்து காணாமல் போகும். உப்பு கடைசியில்தான்: சாசேஜில் உப்பு, கடை ஸ்டாக்கில் உப்பு, கேஜன் மசாலாப் பொட்டலத்தில் பல நேரம் முதல் சரக்கே உப்பு. முடிவில் வெங்காயத்தாளும் பார்ஸ்லியும் தூவி, கிண்ணத்தில் ஒரு பிடி சோற்றின் மேல் ஊற்றிப் பரிமாறுங்கள். சோறு குறைவு, குழம்பு அதிகம். தென்மேற்கு லூசியானாவில் சோற்றுக்குப் பதில் உருளைக்கிழங்கு சாலட்டை நடுவில் வைத்துச் சாப்பிடுபவர்களும் உண்டு.

கரும் ரூ கம்போ ரசத்துக்கும் சாம்பாருக்கும் இடைப்பட்ட பதத்தில் ஓடும். அதைக் குறை என்று எண்ணி மாவைக் கூட்டாதீர்கள். ரூ கறுக்கக் கறுக்கக் கெட்டியாக்கும் சக்தி குறையும். கறுப்புச் சாக்லேட் ரூவுக்கு வெளிர் ரூவின் பாதி வலிமை இருந்தாலே அதிகம். உங்கள் இரண்டாம் முயற்சி கூழானது இதனால்தான்: கரும் ரூவுக்கான மாவு அளவை வைத்துக்கொண்டு இளம்பழுப்பில் நிறுத்தினீர்கள். அந்த நிறத்தில்தான் நிறுத்த விருப்பம் என்றால் 70 கிராம் மாவே போதும்.

வெண்டைக்காய் விஷயத்தில் நமக்குப் பாதிப் பாடம் முன்பே தெரியும். ‘கம்போ’ என்ற பெயரே மத்திய ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிகளில் வெண்டைக்காயைக் குறிக்கும் ‘கி-ங்கோம்போ’ போன்ற சொற்களிலிருந்து வந்தது என்பது பெருவாரியான கருத்து. பிரெஞ்சில் இன்றும் வெண்டைக்காய்க்குப் பெயர் ‘கோம்போ’. அந்த வழவழப்பே அங்கே குழம்பைக் கெட்டியாக்கும் பொருள். வேண்டியது அதன் கெட்டி, வேண்டாதது அதன் நூல். 500 கிராம் வெண்டைக்காயைக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, ஒரு சென்டிமீட்டர் வில்லைகளாக நறுக்குங்கள். அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் முப்பது நிமிடம் மிதமான தீயில் வதக்குங்கள். பாதியில் ஒரு மேசைக்கரண்டி வினிகரோ இரண்டு தக்காளியோ சேர்த்தால் நூல் சீக்கிரம் அறும். கரண்டியைத் தூக்கினால் நூல் வராத பதம் வந்ததும் கம்போவில் சேர்த்து இன்னும் முக்கால் மணி நேரம் கொதிக்கவிடுங்கள். பூச்சில்லாத இரும்புச் சட்டியில் வெண்டைக்காயை வதக்கினால் கறுத்துப்போகும். ருசிக்குக் கேடில்லை, பார்க்கத்தான் மனம் ஒப்பாது. வெண்டைக்காய் பெரும்பாலும் இறால், நண்டு கம்போவுக்குத்தான் சேரும். அதற்கு ரூவைப் பால் சாக்லேட்டில் நிறுத்துங்கள், கறுப்புச் சாக்லேட் இறாலை அமுக்கிவிடும். இறாலை அடுப்பை அணைப்பதற்கு நான்கு நிமிடம் முன்பு போட்டால் போதும்.

வெண்டைக்காய்க்கு மாற்று ஃபிலே தூள். சாசஃப்ராஸ் மர இலையை உலர்த்தி இடித்த தூள் அது. சாக்டா பூர்வகுடியினர் தந்தது. அடுப்பை அணைத்த பிறகே, அல்லது சாப்பாட்டு மேசையில் கிண்ணத்துக்குக் கால் தேக்கரண்டி வீதம் தூவ வேண்டும். தூவியபின் கொதிக்கவிட்டால் கயிறு கயிறாக இழுக்கும். வெண்டைக்காயும் ஃபிலேயும் ஒரே பாத்திரத்தில் வேண்டாம், இரட்டை வழவழப்பாகிவிடும். ஃபிலே இல்லையென்றால் விட்டுவிடுங்கள், ரூ போதும்.

மாமிசம் குறைவாக, கீரை நிறைய வேண்டும் என்பவர்களுக்கு ‘கம்போ செர்ப்’ இருக்கிறது. கடுகுக்கீரை, டர்னிப் இலை, பசலை, முட்டைக்கோஸ் என்று பல கீரைகளை வேகவைத்து மசித்துச் செய்வது. கீரை வகைகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பது ஐதீகம். நியூ ஆர்லியன்ஸின் டூக்கி சேஸ் உணவகத்தில் சமையல்காரர் லியா சேஸ் புனித வியாழனன்று இதைப் பரிமாறிப் புகழ்பெற வைத்தார். அவர் கைப்பக்குவத்தில் இறைச்சியும் உண்டு. இறைச்சி இல்லாமலும் நன்றாக வரும்.

வார நாளில் ஒரு மணி நேரத்தில் ஏதாவது வேண்டும் என்றால் எடூஃபே செய்யுங்கள். ‘மூச்சை அடைத்தது’ என்று பொருள். மூடி போட்டுத் தன் சாற்றிலேயே புழுங்கவிடுவது. லூசியானாவில் ஆற்று நண்டில் செய்வார்கள். பிரோ பிரிட்ஜ் என்ற சிற்றூரை 1959இல் மாநிலச் சட்டமன்றமே ‘ஆற்று நண்டின் உலகத் தலைநகர்’ என்று அறிவித்தது. நமக்கு இறால் ஆகும். அரைக் கிலோ இறாலின் தலை, ஓடுகளை எண்ணெயில் சிவக்க வறுத்து, 750 மில்லி தண்ணீர் ஊற்றி முப்பது நிமிடம் கொதிக்கவைத்து அழுத்தி வடிகட்டினால் அரை லிட்டர் ஸ்டாக் கிடைக்கும். தலையில் உள்ள அந்தச் செம்மஞ்சள் கொழுப்புதான் முழு ருசியும், எறிந்துவிடாதீர்கள். 80 கிராம் வெண்ணெயில் 40 கிராம் மைதாவை எட்டு நிமிடம் வறுத்து வேர்க்கடலை நிறத்தில் நிறுத்துங்கள். வெண்ணெய் ரூ அதைத் தாண்டக் கூடாது. மும்மையைக் கம்போவுக்குச் சொன்னதில் பாதி அளவு போட்டுப் பன்னிரண்டு நிமிடம் மூடி வதக்கி, பூண்டு, ஸ்டாக், தைம், கால் தேக்கரண்டி கயென் சேர்த்து இருபது நிமிடம் சிறுதீயில் விடுங்கள். இறாலைப் போட்டு நான்கு நிமிடம். அணைத்து, 20 கிராம் குளிர்ந்த வெண்ணெய், வெங்காயத்தாள், அரை எலுமிச்சைச் சாறு. கரண்டியின் முதுகில் பூசி நின்று, விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் இருப்பதே பதம். இறால் வளைந்து அரைவட்டமானால் சரி, முழு வட்டமாகச் சுருண்டால் ரப்பர்.

கறியோடு ஒரே பாத்திரத்தில் வேகும் சோறான ஜம்பாலயாவில் ரூ இல்லை. கான்சாலஸ் நகரத்துப் பக்கம் செய்யும் பழுப்பு ஜம்பாலயாவில் தக்காளியும் இல்லை. கறியை அடியில் ஒட்டும் அளவுக்கு வறுத்து, வெங்காய ஈரத்தால் அந்தப் பழுப்பைச் சுரண்டி எடுப்பதே அதன் நிறம். இரண்டு கப் நீள அரிசிக்கு மூன்றரைக் கப் ஸ்டாக். ஊறவைத்த அரிசி என்றால் மூன்று கப். கொதி வந்ததும் ஒருமுறை கிளறி, மூடி, மிகச் சிறுதீயில் இருபது நிமிடம், அணைத்துப் பத்து நிமிடம். நடுவில் திறந்து கிளறினால் சோறு உடைந்து குழையும். சிவப்பு ஜம்பாலயாவுக்கு 400 கிராம் தக்காளி போட்டால் ஸ்டாக்கில் முக்கால் கப்பைக் குறையுங்கள். பெரும்பாலான வீடுகளில் சிவப்பு ஜம்பாலயா குழைவது இந்தக் கணக்கை மறப்பதால்தான். நியூ ஆர்லியன்ஸின் திங்கட்கிழமைச் சாப்பாடான சிவப்பு ராஜ்மாவும் சோறும் இன்னும் எளிது. துணி துவைக்கும் நாளில் தானாக வேகும் பண்டமாக வழக்கத்துக்கு வந்தது. ஊறிய ராஜ்மாவை முதல் பத்து நிமிடம் கட்டாயம் தளதளவென்று கொதிக்கவைக்க வேண்டும், அதில் உள்ள நச்சுப் புரதம் சிறுதீயில் அழியாது. வெந்தபின் கால் பங்கை மசித்துவிட்டால் குழம்பு பால் போலக் கூடும். வினிகர் கடைசியில், முன்பே ஊற்றினால் பயறு வேகாமல் அடம்பிடிக்கும்.

சாஸ்களில் முதலில் கற்க வேண்டியது கிரியோல் சாஸ். 50 கிராம் வெண்ணெயில் மும்மையை வதக்கி, பூண்டு, 600 கிராம் பழுத்த தக்காளி, 250 மில்லி இறால் ஸ்டாக், பே இலை, தைம், ஒரு மேசைக்கரண்டி வூஸ்டர் சாஸ், கால் தேக்கரண்டி கயென் சேர்த்து நாற்பது நிமிடம் சுண்டவிடுங்கள். தக்காளியின் பச்சைப் புளிப்பு போய் ஓரத்தில் வெண்ணெய் கசியும்போது தயார். இறால், பொரித்த மீன், ஆம்லெட் எல்லாவற்றுக்கும் சேரும். இதற்குக் கேஜன் உறவுக்காரன் சாஸ் பீக்கான்ட்: செப்பு நிற ரூவில் தொடங்கி, தக்காளி விழுதை அதிலேயே மூன்று நிமிடம் வறுத்து, பச்சை மிளகாய் கூட்டி, கோழியோடோ முயலோடோ ஒன்றரை மணி நேரம் கொதிப்பது. காரம் உண்மையிலேயே முன்னால் நிற்கும் பண்டம் இது.

ரெமுலாட் அடுப்பு கேட்காத சாஸ். பிரான்ஸில் வெள்ளையாக இருப்பது நியூ ஆர்லியன்ஸில் பெரும்பாலும் சிவந்துவிடும். ஒரு கப் மயனெய்ஸ், மூன்று மேசைக்கரண்டி கிரியோல் கடுகு, ஒரு மேசைக்கரண்டி பாப்பிரிகா, இரண்டு தேக்கரண்டி துருவிய ஹார்ஸ்ராடிஷ் (நெடியுள்ள ஒரு வேர்), மிகப் பொடியாக நறுக்கிய செலரி இரண்டு மேசைக்கரண்டி, வெங்காயத்தாள் மூன்று மேசைக்கரண்டி, ஒரு பல் பூண்டு, ஒரு எலுமிச்சைச் சாறு, சில சொட்டு டபாஸ்கோ மிளகாய்ச் சாஸ். டபாஸ்கோவும் லூசியானாச் சரக்குதான், ஏவரி தீவில் 1868இலிருந்து வருகிறது. கலந்து இரண்டு மணி நேரமாவது ஃபிரிட்ஜில் வைத்தால்தான் ஒன்றோடொன்று இறங்கும். கிரியோல் கடுகு கிடைக்காவிட்டால் வீட்டிலேயே ஆகும்: நான்கு மேசைக்கரண்டி பழுப்புக் கடுகை ஆறு மேசைக்கரண்டி வினிகரில் இரவு முழுக்க ஊறவைத்து, கொஞ்சம் உப்பும் அரைத் தேக்கரண்டி சர்க்கரையும் சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். வெந்நீர் சேர்த்து அரைக்க வேண்டாம். கடுகின் நெடி அரைக்கும்போது ஒரு நொதியால் உண்டாவது, சூடு அதைக் கொன்றுவிடும். அரைத்த அன்று கசப்பு தெரியும். மூன்று நாளில் அடங்கும்.

கடைசியாக, பார்பிக்யூ இறால் சாஸ். பெயரில் இருந்தாலும் அதில் கரியடுப்பும் இல்லை, இனிப்புச் சாஸும் இல்லை. நியூ ஆர்லியன்ஸின் பாஸ்கல்ஸ் மனாலே உணவகத்தோடு சேர்த்துப் பேசப்படுவது. 60 மில்லி வூஸ்டர் சாஸ், 120 மில்லி இறால் ஸ்டாக், நான்கு பல் பூண்டு, இரண்டு தேக்கரண்டி கொரகொரப்பான மிளகு, ஒரு எலுமிச்சைச் சாறு எல்லாவற்றையும் பாதியாகச் சுண்டவையுங்கள். இறாலைப் போட்டு மூன்று நிமிடம் திருப்பி, தீயை அறவே குறைத்து, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த 120 கிராம் வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு, வாணலியைச் சுழற்றிக்கொண்டே இருங்கள். ஒரு துண்டு கரைந்த பிறகே அடுத்தது. சாஸ் பாலேடு போலக் கூடி இறாலில் பூசி நிற்கும். வெண்ணெய் இறங்கிய பிறகு கொதி வந்தால் பிரிந்து நெய்யாக ஓடும். அப்படி ஆனால் அடுப்பிலிருந்து இறக்கி, ஒரு மேசைக்கரண்டி குளிர்ந்த தண்ணீர் விட்டு வேகமாகச் சுழற்றினால் பெரும்பாலும் திரும்பக் கூடும். தொட்டுக்கொள்ள மொறுமொறுப்பான பிரெட் வேண்டும், சோறு இதற்குச் சரிவராது.

மசாலாத்தூளும் வீட்டிலேயே கலந்துவிடுங்கள், உப்பு உங்கள் கையில் இருக்கும்: பாப்பிரிகா மூன்று மேசைக்கரண்டி, பூண்டுத்தூள் இரண்டு, வெங்காயத்தூள் ஒன்று, உலர்ந்த தைம் ஒன்று, ஆரிகனோ ஒன்று, மிளகுத்தூள் ஒன்று, வெள்ளை மிளகு அரை, கயென் அரை. உப்பே சேர்க்காமல் வைத்தால் மூன்று மாதம் வாசம் நிற்கும். மீனை உருக்கிய வெண்ணெயில் முக்கி, இதைத் தடவி, புகையும் இரும்புக்கல்லில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் போட்டு எடுப்பதுதான் 1980களில் ப்ரூடோம் வழியே உலகம் முழுக்கப் பரவிய ‘பிளாக்கண்ட்’ மீன். ஜன்னலைத் திறந்துவைக்காமல் இதை ஆரம்பிக்க வேண்டாம்.

மூன்றாம் முறை கம்போ செய்யும்போது ரூவை இரட்டிப்பாகச் செய்து, பாதியை ஆறவைத்துக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் கெடாது. மேலே எண்ணெய் நின்றால் கலக்கிக்கொள்ளலாம். அடுத்த முறை ஸ்டாக் கொதிக்கும்போது கரண்டி கரண்டியாக அதைக் கரைத்தால் ரூ வறுக்கும் நேரம் மிச்சமாகும். செய்த கம்போவும் மறுநாள்தான் கூடி நிற்கும். இறால் போட்டதை மட்டும் அன்றே முடித்துவிடுங்கள், திரும்பச் சூடாக்கினால் இறால் விறைத்துப்போகும்.